பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்காக நிறுத்திவைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஒரு ஸ்கூட்டி மாட்டிக்கொண்டு நின்றது. பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முன்னால் ஷேர் ஆட்டோக்காரன் சாவகாசமாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் டாக்டர் சஹர் இரண்டு பேரையும் மனதுக்குள் வறுத்தெடுத்திருப்பாள். இன்றைக்கு அவளுக்குக் கோபமே வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. அவள் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கருவி வந்திருந்தது. பித்தப்பையில் கல் என்றால் இதுவரை வயிற்றில் நாலு துளை போட்டு எடுப்பார்கள். இந்தக் கருவி இருந்தால் தொப்புளில் ஒரே ஒரு துளை போதும். கேமரா, இடுக்கி, கத்தரி எல்லாம் அது வழியாகவே உள்ளே போகும். பித்தப்பை அது வழியாகவே வெளியே வரும். தழும்புகூடத் தெரியாது. சொல்வதற்கு சுலபமாகத்தான் இருக்கிறது. ஒரே துளைக்குள் கருவிகள் ஒன்றுக்கொன்று குறுக்கே போவதால், வலது கையை அசைத்தால் திரையில் இடது பக்கம் அசையும். பழகாதவர்களுக்குத் தலை சுற்றிவிடும். சஹர் லீவு போட்டு, கோயம்புத்தூரில் தங்கி, இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இன்றைக்கு அந்தக் கருவியில் முதல் ஆபரேஷன். "சார், முதல் கேஸை நான் பண்றேன்" என்று தலைமை டாக்டர் ரவிச்சந்திரனிடம் போன வாரமே சொல்லிவைத்திருந்தாள். அவரும் "பாத்துக்கலாம்மா" என்றிருந்தார். நம் ஊரில் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். சஹர் நல்ல அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து குதூகலமாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் நேராக வார்டுக்குப் போனாள். நோயாளி அழகேசன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாரிவாக்கத்துக்காரர். வானகரம் மார்க்கெட்டிலிருந்து மீன் லோடு அடிக்கும் டெம்போ டிரைவர். பைபாஸில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டியவர். புறநோயாளிப் பிரிவில் அவரைச் சோதித்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, கல் இருக்கிறது என்று கண்டுபிடித்தது சஹர்தான். அப்படியிருந்தும் அவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சொன்னதைக் கேளுங்கள்.

"வாங்க சிஸ்டர்! நேத்து ராத்திரிலேருந்து பச்சத்தண்ணி கூட குடுக்கல. வயிறு கபகபன்னு கீது. அந்தப் பெரிய டாக்டராண்ட சொல்லி கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க சிஸ்டர்."

"நான் சிஸ்டர் இல்லீங்க. டாக்டர். நான்தான் உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போறேன்" என்றாள் சஹர்.

அழகேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வெளயாடாதீங்க சிஸ்டர். நீங்க மாத்திரை எழுதிக் குடுப்பீங்க, சரி. கத்திய புடிக்கிறது ஆம்பள வேலையாச்சே."

அந்த நேரம் பார்த்து ஆண் நர்ஸ் ஒருவன் ரத்த அழுத்தம் பார்க்க வந்தான். அழகேசன் பதறிப்போய் காலைக் கீழே தொங்கவிட்டு, "வணக்கம் டாக்டர் சார்" என்று கும்பிட்டார். அவன் நெளிந்தான். சஹருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

பக்கத்தில் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்த அழகேசனின் மனைவி ராணிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். "யோவ், நானும் பாத்துகினே கீறேன். உனக்கு இன்னா நோவுன்னு கண்டுபுடிச்சதே இந்த அம்மாதான். தெச்சு விடுறதுக்குக் கை நல்லா இருந்தா பத்தாதா? மீசையா தைக்கப்போவுது?"

வார்டே சிரித்தது. அழகேசன் மட்டும் "உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்னு இரு" என்று முனகினார்.

சஹர் மாடிக்கு ஏறினாள். ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் அந்த மாடியில் உடை மாற்றுவதற்கு இரண்டு அறைகள். ஒன்றின் கதவில் 'டாக்டர்ஸ்' என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் 'நர்ஸஸ்'. கட்டிடம் கட்டியவர்கள் டாக்டர் என்றால் ஆண், நர்ஸ் என்றால் பெண் என்று எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். பெண்ணாக ஒரு சர்ஜன் வந்து நிற்பாள் என்று ஒருவர் தலையிலும் உதிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் பையும் கையுமாக எந்தக் கதவைத் தட்டுவது என்று விழித்த சஹரை, தியேட்டர் தலைமை நர்ஸ் நாகம்மாதான் கையைப் பிடித்து நர்ஸுகள் அறைக்குக் கூட்டிப்போனாள்.

நர்ஸுகளோடு உடை மாற்றுவதில் சஹருக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அது கலகலப்பான அறை. இட்லிப் பொடி முதல் மாமியார் சண்டை வரை அங்கே கிடைக்காதது கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டாக்டர்கள் அறையில் காலை டீயைக் குடித்துக்கொண்டே, சட்டை மாற்றிக்கொண்டே, யாருக்கு எந்த ஆபரேஷன் என்று ரவிச்சந்திரன் பிரித்துக்கொடுத்துவிடுவார். அது அங்கே வழக்கம். அவர் வெளியே வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் நிற்கும் விருந்தாளிக்கு என்ன கிடைக்கும்? ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்படும் பெண்களின் மார்புக் கட்டி, மூலம், அப்புறம் மற்றவர்கள் ஆபரேஷன் செய்யும்போது கேமரா பிடிக்கிற வேலை. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஸ்ரீராம் பெரிய பெரிய ஆபரேஷன்களைச் செய்தான். சஹர் பக்கத்தில் நின்று அவனுக்குக் கேமரா பிடித்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரவிச்சந்திரன் கெட்டவரே அல்ல. தங்கமான மனுஷர். சஹரை "எங்க பொண்ணு" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். "ராத்திரி எமர்ஜென்சிக்கு நீ வரவேணாம்மா, ரோடு சரியில்ல" என்பார். "பெரிய கேஸ் நாலு மணி நேரம் நிக்கணும், உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? வீட்டுல குழந்தை தேடும்" என்பார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல ஒவ்வொரு வாய்ப்பையும் அன்பாகவே எடுத்துக்கொண்டார். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். பாசம் காட்டுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் சஹர் இத்தனை நாள் தவித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே இருப்பது வெறும் பிளைவுட் பலகை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறாயுசு" என்பார்கள். சஹர் பச்சை உடைக்கு மாறி, தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது ரவிச்சந்திரனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஸ்ரீராம், அந்தப் புதுக் கருவி கேஸை நீ பண்ணிடு."

"நானா சார்? எனக்கு அது பழக்கமே இல்லையே. சஹர் மேடம்தானே போய்க் கத்துக்கிட்டு வந்தாங்க?"

"அதனால என்னப்பா? சஹர் பக்கத்துல நின்னு கேமரா பிடிச்சுக்கிட்டே சொல்லிக்குடுப்பா. நீ பண்ணு. முதல் கேஸ், நாலு பேர் பேசுவாங்க. அந்தப் பொண்ணுக்கு எதுக்குப் பாவம் இந்த டென்ஷன்?"

மயக்க மருந்து டாக்டர் மோகன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "கரெக்ட் சார். லேடீஸுக்கு இந்த ரிஸ்க் எல்லாம் ஒத்துவராது."

சஹரின் கை தொப்பியிலேயே நின்றுவிட்டது. அறையில் இருந்த நர்ஸுகள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊரை விட்டு ஊர் போய்க் கற்றுக்கொண்டு வந்தது, இன்னொருவன் பேர் வாங்கப் பக்கத்தில் நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பதற்கா?

நாகம்மா மெல்ல அருகில் வந்தாள். "இன்னாம்மா, இன்னைக்கும் வாய மூடிகினு போய் கேமரா புடிக்கப்போறியா? புடிக்கறதா இருந்தா சொல்லிடு, நானே உன் கையில குடுத்துடறேன்."

கேலிதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. சஹர் தொப்பியை இழுத்துவிட்டாள். கதவைத் திறந்தாள். இரண்டே எட்டில் அடுத்த கதவின் முன்னால் போய் நின்று, தடதடவென்று தட்டினாள்.

"சார், உள்ள வரலாமா? எல்லாரும் டிரஸ் போட்டிருக்கீங்களா?"

உள்ளே ஒரே களேபரம். டீ டம்ளர் உருண்டது. "ஐயையோ, இருங்க இருங்க!" என்று மோகன் அலறினார். பனியனோடு நின்றவர் அவசரத்தில் சட்டையைத் தலைகீழாக மாட்டியிருப்பார் போலிருக்கிறது. வெகு நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. நாகம்மாவும் மற்ற நர்ஸுகளும் வராந்தாவில் கூடிவிட்டார்கள். எட்டிப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

"என்னம்மா சஹர், இங்க வந்து நிக்கிற?" என்று ரவிச்சந்திரன் திகைத்தார்.

சஹர் வாசற்படியிலேயே நிமிர்ந்து நின்றாள். "யாருக்கு எந்தக் கேஸுன்னு இங்கதானே சார் முடிவாகுது? அதான் நானும் வந்துட்டேன். என் காதுல எல்லாம் விழுந்துச்சு. என் பேஷண்டு, நான் கத்துக்கிட்டு வந்த முறை. ஆபரேஷன் மட்டும் ஸ்ரீராமுக்கு. ஏன் சார்?"

ரவிச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் நல்லதுக்குத்தாம்மா. தப்பா எடுத்துக்காத. என்னை விடு. பேஷண்டுங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா. லேடி டாக்டர் அறுக்கப்போறான்னா பயப்படுவாங்க. ஆம்பள டாக்டர்தான் வேணும்பாங்க."

"எந்த பேஷண்ட் சார் சொன்னாங்க? நீங்க யாரையாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் ஒருவரையும் கேட்டதில்லை. அத்தனை பேர் முன்னிலையில் கொஞ்சம் வீம்பும் வந்துவிட்டது. "சரி, இப்பவே கேட்டுடுவோம். அழகேசன் சரின்னா நீயே பண்ணு. மாட்டேன்னா ஸ்ரீராம் பண்ணுவான். போதுமா?"

காலையில் சஹரை சிஸ்டர் என்று கூப்பிட்டுச் சிரித்த மனுஷரிடம் போய்ச் சம்மதம் கேட்கவேண்டும். ஆனால் வாயை விட்டாகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

அதற்குள் லிஃப்ட் திறந்து, பச்சை அங்கி போர்த்தி அழகேசனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடவே ராணி. வராந்தா முழுக்க டாக்டரும் நர்ஸுமாகத் தனக்காகக் காத்துநிற்பதைப் பார்த்ததும் அழகேசனுக்கு உதறல் எடுத்துவிட்டது. "இன்னாங்க இது, இவ்ளோ கூட்டம்? எனக்கு எதனா பெருசா கீதா? மறைக்காம சொல்லிடுங்க சார்!"

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் சஹர். "காலையில சொன்னேனே, நான் டாக்டர். உங்க ஆபரேஷனை நான் பண்ணலாமா, இல்ல இவர் பண்ணணுமான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. இவர் டாக்டர் ஸ்ரீராம்."

அழகேசன் ஸ்ரீராமை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் உயரம், அகலம், கருகருவென்று தாடி. "தப்பா நெனச்சுக்காதம்மா. நான் புள்ளகுட்டிக்காரன். இந்த சாரே பண்ணட்டுமே" என்றார்.

ராணி தலையில் அடித்துக்கொண்டாள். மோகன் அர்த்தத்தோடு தொண்டையைச் செருமினார். சஹருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் பார்க்கக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

ஸ்ரீராம் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கத்தி அவன் கைக்கு வந்திருக்கும். அவனும் நல்ல பேருக்கு ஆசைப்படுகிறவன்தான். ஆனால் தெரியாத வேலையில் கை வைக்கிற பயமோ, கூட வேலை செய்பவளின் கலங்கிய முகமோ, இரண்டுமோ, அவனை வாய் திறக்கவைத்தது.

"ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். தொப்புள்ல ஒரே துளை போட்டு எடுக்கிற இந்த முறை எனக்குத் தெரியாது. மேடத்துக்குத்தான் தெரியும். நான் பண்ணும்போது அவங்க பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லத்தான் நான் பண்ணணும்."

அழகேசன் ஸ்ட்ரெச்சரில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார் சொல்றே? ஓட்டத் தெரிஞ்ச டிரைவரு பக்கத்துல குந்திகினு வழி சொல்லணும், ஓட்டத் தெரியாத கிளீனர் ஸ்டியரிங்க புடிக்கணுமா? லோடு யாருது? என் வயிறாச்சே! மீன் பொட்டிக்குக் கூட நான் இப்டி பண்ணமாட்டேன் சார்!"

யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்ரீராமே சிரித்துவிட்டான். அழகேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு உயிர்ப் பிரச்னை. சஹரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மா, நீயே ஓட்டும்மா. பிரேக்கு மட்டும் பாத்து புடி."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்று ராணி அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

சஹர் ஓடிப்போய்க் கை கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இத்தனை நாளும் இதே தொட்டியில்தான் கை கழுவினாள். அது கேமரா பிடிப்பதற்கு. இன்றைக்கு மேஜையின் அந்தப் பக்கம், சர்ஜன் நிற்கும் இடத்தில், நாகம்மா அவள் ஏறி நிற்பதற்காகக் கால் மணையை எடுத்துப் போட்டுவைத்திருந்தாள். மேஜையின் உயரமும் உயரமான ஆண்களுக்கு ஏற்றதுதான்.

ஸ்ரீராம் கேமரா பிடித்தான். ரவிச்சந்திரனும் கையுறை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார். எந்த நிமிஷமும் கத்தியைத் தாம் வாங்கவேண்டிவரும் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் சஹர்.

தொப்புளில் சின்னக் கீறல். கருவி உள்ளே இறங்கியது. திரையில் கல்லீரல் பளபளவென்று தெரிந்தது. சஹரின் கைகள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. திரையில் இடுக்கி ஒரு பக்கம் பிடிக்க, கத்தரி மறுபக்கம் பிரித்தது. "அம்மாடியோவ்!" என்று ஸ்ரீராம் தன்னை மறந்து சொன்னான். "மேடம், இதை என்னால சத்தியமா பண்ணியிருக்க முடியாது." முகமூடிக்குள் சஹரின் உதடு சிரித்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அந்தத் தியேட்டரில் அனுபவித்ததே கிடையாது.

பாதி வேலை முடிந்தபோது கை நின்றது. பித்தப்பை பக்கத்துக் குடலோடு அழுத்தமாக ஒட்டிக்கிடந்தது. பலமுறை வீங்கி வற்றியதால் வந்த ஒட்டல். இழுத்தால் குடல் கிழியலாம். ஒரே துளை வழியாக அந்த இடத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லை. அழகேசனின் இதயத் துடிப்பை எண்ணும் கருவி பீப் பீப் என்றது.

"நகரும்மா, நான் பாக்குறேன்" என்று ரவிச்சந்திரன் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார்.

"வேணாம் சார். வேணும்னா நானே கேப்பேன்" என்றாள் சஹர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாகம்மா, வலது பக்கம் இன்னொரு துளை போடப்போறேன். கருவி குடுங்க."

ஸ்ரீராம் தயங்கினான். "மேடம், இன்னொண்ணு போட்டா ஒரே துளைன்னு சொல்லிக்க முடியாதே. முதல் கேஸ்..."

"ஸ்ரீராம், பேரு போனா எனக்கு. குடல் கிழிஞ்சா அவருக்கு" என்றாள் சஹர்.

மோகன் தலைமாட்டிலிருந்து மெல்லச் சிரித்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே. கடைசி நேரத்துல பயந்துட்டாங்க. லேடீஸ் இல்லையா!"

இப்படித்தான் பேசுவார்கள் என்று சஹருக்குத் தெரியும். பிடிவாதமாக ஒரே துளையில் முடித்துக்காட்டிவிடலாமா என்ற ஆசை அவளுக்கு வராமல் இல்லை. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவது துளையைப் போட்டாள்.

ஆனால் மோகன் சொன்ன சொல் ரவிச்சந்திரனை எங்கேயோ தைத்துவிட்டது. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். போன வருஷம் இதே மேஜையில் அவரும் இப்படித்தான் பாதியில் நின்றார். வழக்கமான நாலு துளை போதாமல் இன்னும் ஒரு துளை போட்டுத்தான் முடித்தார். அன்றைக்கும் தலைமாட்டில் நின்றது இதே மோகன்தான்.

"மோகன்" என்றார் அவர், "போன வருஷம் நானும் இப்படி இன்னொரு துளை போட்டேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீ என்ன சொன்ன? 'சாரோட அனுபவமே அனுபவம்'னு சொன்ன. நான் பண்ணா அனுபவம், அவ பண்ணா பயமா?"

மோகன் மயக்க மருந்துக் கருவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த நேரத்துல இன்னொரு துளை போடறதுதான் சரி. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்" என்று சொன்ன ரவிச்சந்திரன் இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். அந்த ஓர் அடி அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது துளை வழியாக ஒட்டல் தெளிவாகத் தெரிந்தது. சஹர் அவசரப்படவில்லை. வெங்காயத் தோலை உரிக்கிற மாதிரி, இழை இழையாகப் பிரித்தாள். குடலில் ஒரு கீறல்கூட விழவில்லை. ரத்தக் குழாயிலும் பித்தக் குழாயிலும் கிளிப் போட்டாள். நறுக்கினாள். கல் நிறைந்த பித்தப்பை தொப்புள் வழியாக வெளியே வந்து விழுந்தபோது, நாகம்மா இரண்டு கையிலும் கருவி இருப்பதை மறந்து "சபாஷ்டி என் கண்ணு!" என்று கத்தியேவிட்டாள். தியேட்டருக்குள் அப்படிக் கத்தக் கூடாது. அன்றைக்கு அவளை யாரும் கண்டிக்கவில்லை.

வெளியே ராணி கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ரவிச்சந்திரன் வருவதைப் பார்த்ததும் ஓடிவந்து காலில் விழப்போனாள். "சாமி மாரி காப்பாத்திட்டீங்க சார்!"

"எழுந்திரும்மா. நான் சும்மா நின்னு வேடிக்கை பார்த்தேன். ஆபரேஷன் பண்ணது இவங்க. டாக்டர் சஹர்." அவர் அவளை 'இவங்க' என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

ராணி சஹரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

ராணி உள்ளே போனதும் ரவிச்சந்திரன் பெருமையோடு சஹரின் தோளைத் தட்டினார். "பிரமாதம்மா! ஆம்பள மாதிரி பண்ணிட்ட போ! இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது."

நல்ல மனதோடு சொன்ன பாராட்டுதான். இன்னொரு நாளாக இருந்தால் சஹர் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் இன்றைக்குக் கதவைத் தட்டிய கையாயிற்றே.

"சார், கோவிச்சுக்காம கேளுங்க. நான் ஆம்பள மாதிரி பண்ணல, டாக்டர் மாதிரி பண்ணேன். அழகேசன்கிட்ட போய் 'நான் பண்ணலாமா'ன்னு என்னைக் கேக்க வெச்சீங்களே, ஸ்ரீராமை எந்த பேஷண்ட்கிட்டயாவது போய் 'நான் ஆம்பள, ஆபரேஷன் பண்ணலாமா'ன்னு கேக்கச் சொல்லியிருக்கீங்களா? அவனுக்கு முதல்ல வாய்ப்பு, அப்புறம் திறமை. எனக்கு முதல்ல திறமையைக் காட்டணும், அப்புறம்தான் வாய்ப்பு. ஒரே ஆஸ்பத்திரில ரெண்டு தராசு இருக்கலாமா சார்?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்த மோகன் அப்படியே நின்றார். பெரிய டாக்டர் வெடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ரவிச்சந்திரன் வெடிக்கவில்லை. தாம் அன்பு என்று நினைத்துச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது; முகம் சுண்டிவிட்டது. வீட்டில் குழந்தை தேடும் என்று ஸ்ரீராமிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனைக்கும் ஸ்ரீராமுக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள்.

"தப்புதாம்மா" என்றார் கடைசியில். "பாசம்னு நெனச்சேன். பாசமா உன்னை ஓரமா ஒக்கார வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியல. சரி, நாளைக்கு ரெண்டு பெரிய கேஸ் இருக்கு. எது வேணும் சொல்லு."

"ரெண்டையும் பார்த்துட்டுச் சொல்றேன் சார். ஸ்ரீராமும் பார்க்கட்டும். எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பேசிப் பிரிச்சுக்கலாம்" என்றாள் சஹர். சொல்லிவிட்டு, மயக்கம் தெளிந்து முனக ஆரம்பித்த அழகேசனைப் பார்க்க ஓடினாள்.

அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே மோகன் கேட்டார். "என்ன சார், இந்தப் பொண்ணு இப்படிப் படபடன்னு பேசுது. நீங்களும் பேசாம கேட்டுக்கிட்டீங்க. இனிமே கொஞ்சம் இரக்கம் காட்டினாக்கூட தப்புன்னுடுவாங்க போலிருக்கே?"

ரவிச்சந்திரன் அவர் பக்கம் திரும்பினார்.

"இரக்கத்தைக் காட்டிக் காட்டித்தான்யா இத்தனை வருஷமா அவ கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி வெச்சிருந்தோம். படிச்சுட்டு வேலைக்கு வர்ற பொண்ணுங்க நம்மகிட்ட இரக்கம் கேட்டு வரல மோகன். அவங்க இடத்தைக் கேட்டு வர்றாங்க. அதை மறிச்சுக்கிட்டு நிக்காம நகர்ந்து நிக்கிறதுதான் நாம அவங்களுக்குக் குடுக்கிற மரியாதை."